உலகத்தில் ஐம்பத்தெட்டு எல்ஸ்ட்ரூப்கள்

சனிக்கிழமை நாளிதழ் வந்ததும் அலோய்ஸ் எல்ஸ்ட்ரூப் முதலில் பிரிப்பது இரங்கல் பக்கத்தைத்தான். செத்தது யார் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. கறுப்புக் கட்டத்துக்குள் அடியில், பொடி எழுத்தில் மகன், மகள், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாகப் பெயர் போட்டிருப்பார்களே, அங்கேதான் அவருடைய பூதக்கண்ணாடி ஊர்ந்துகொண்டிருக்கும். ரொட்டிக்கடையில் ஜன்னலோர மேஜை, ஒரு கறுப்புக் காப்பி, காதில் சொருகிய துண்டுப் பென்சில். ஒவ்வொரு பெயருக்கும் உதடு அசையும்: "நம்ம ஆளா, இல்லையா?"

"யாராச்சும் கிடைச்சாங்களா அலோய்ஸ்?" என்று கடைக்காரி மாரிட்டா கேட்பாள்.

"நம்ம ஆளு யாரும் சாகல."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். பொறக்கவும் இல்லையே."

வயது எழுபத்துநான்கு. முப்பத்தோரு வருஷம் பால் டேங்கர் ஓட்டி, எங்கள் வட்டாரத்துப் பண்ணை ஒன்றுவிடாமல் பால் எடுத்தவர். ஆனால் பாலைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார். லாரியை விட்டு இறங்கிய பிறகும் பால் கம்பெனி கொடுத்த நீலத் தொப்பியை மட்டும் இறக்கவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் தேவாலயம், கடைத்தெரு எதையும் பார்க்கமாட்டார். வாசல்களில் அழைப்புமணிக்குப் பக்கத்தில் இருக்கும் பெயர்களைப் படித்துக்கொண்டே நடப்பார். அவரோடு ஊர்சுற்றப் போனவர்கள் இரண்டாம் முறை போனதில்லை.

கணக்கு அவர் நுனிநாக்கில் இருக்கிறது. எல்ஸ்ட்ரூப் என்ற குடும்பப் பெயரோடு உலகத்தில் இன்று உயிரோடு இருப்பவர்கள் ஐம்பத்தெட்டு பேர். முப்பத்தாறு பேர் எங்கள் வெஸ்ட்ஃபாலியாவில், அதுவும் அவருடைய பழைய லாரி ஒரே காலையில் சுற்றிவந்துவிடக்கூடிய வட்டத்துக்குள். ஒன்பது பேர் நிலக்கரிச் சுரங்க ஊர்களில்; என்றோ கரி வெட்டப் போன ஒருவரின் வாரிசுகள். அமெரிக்காவில் மிசூரிப் பக்கம் ஏழு, பிரேசிலில் நான்கு. மீதி இரண்டு பேர் ஹாம்பர்க்கில் இருக்கும் அண்ணன் தம்பி. அவர்கள் கடிதத்துக்குப் பதில் போடுவதில்லை. "திமிரு பிடிச்சவனுங்க. இருந்தாலும் ரெண்டு ரெண்டுதான்" என்பார். இருபது வயதுக்குக் கீழே இருப்பது ஐந்தே பேர். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும்.

இத்தனை பேரையும் சுவரில் ஒட்டும் காகிதச் சுருளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். மூதாதை ஒருவர் 1498-இல் வரி கட்டியதில் தொடங்கி இன்றுவரை, பதினெட்டு மீட்டர் நீளம். அதை முழுசாக விரிக்க ஊரில் ஒரே ஓர் இடம்தான் உண்டு, தியோவின் மதுக்கடைக்குப் பின்னால் மரப்பந்து உருட்டி விளையாடும் தளம். வருஷம் ஒருமுறை மே மாதத்தில் எல்ஸ்ட்ரூப்கள் அங்கே கூடுவார்கள். முதல் வருஷம் நாற்பது பேர் வந்தார்கள். போன வருஷம் பதினொன்று. காலணியைக் கழற்றிவிட்டு, காகிதத்தின் ஓரமாக முழங்காலில் நகர்ந்து தங்கள் பெயரைத் தேடுவார்கள். "எல்லாம் ஒரே ரத்தம்! ஒரு சொட்டுக்கூடக் கலப்பு இல்ல!" என்று அலோய்ஸ் தளத்தின் மறுகோடியிலிருந்து கத்துவார். "அதான் எல்லாருக்கும் ஒரே மாதிரி வழுக்க" என்று தியோ பீர் ஊற்றிக்கொண்டே பதில் சொல்வான்.

அந்தக் காகிதத்தில் லுட்கரின் பெயர் இல்லை. லுட்கர் அவருடைய ஒரே மகன். கல்யாணப் பதிவின்போது மனைவி ஸில்க்கேயின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு மாயர் ஆகிவிட்டான். அப்படிச் செய்யலாம் என்று சட்டம் வந்து எவ்வளவோ காலமாகிறது. ஆனாலும் தெருவுக்கு நாலு மாயர் இருக்கிற நாட்டில் போயும் போயும் மாயர்! "தங்கத்தக் குடுத்துத் தகரம் வாங்கிட்டான்" என்றார். கல்யாணத்துக்குப் போகவில்லை. ஆறு வருஷமாகப் பேச்சும் இல்லை.

எனக்கு அவர்மேல் கோபம் உண்டு, சொல்லிவிடுகிறேன். அவருடைய மனைவி ஆக்னஸ் எங்கள் கோயில் பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் நின்று பாடியவள். அவள் ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சை இழுத்துக்கொண்டிருந்த அன்று இந்த மனிதர் ப்ரேமன் நகரத்து ஆவணக் காப்பகத்தில், கப்பலேறிப் போனவர்களின் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தார். கைப்பேசியை அணைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்பது அங்கே சட்டம். லுட்கர் பதினேழு முறை கூப்பிட்டான். நான் அவன் பக்கத்தில் இருந்தேன். அன்றைக்குத்தான் அலோய்ஸுக்கு பிரேசில் கிளை அகப்பட்டது. அடுத்த வருஷம் லுட்கர் பெயரை மாற்றிக்கொண்டதற்குக் காரணம் என்னவென்று ஊரில் யாரும் கேட்கவில்லை. அலோய்ஸ்கூடக் கேட்கவில்லை.

எங்கள் தேவாலயத்தின் பங்கு அலுவலகத்தில் பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் கோபத்தைக் கோட்டோடு கழற்றி மாட்டிவிட்டு, செவ்வாய்க்கிழமைகளில் அவருக்காகத் திருமணப் பதிவேடுகளைப் படித்துக் காட்டுகிறேன். இந்தப் பிப்ரவரியில் 1763-ஆம் வருஷப் பக்கம் ஒன்று வந்தது. எப்போதோ தண்ணீர் பட்டு ஒட்டிக்கிடந்து, அண்மையில் பிரித்துச் செப்பனிட்ட பக்கம். "யோஹான் கெர்ட் க்ராம்பே, மாட்டுக்கொட்டில் வேலையாள், பண்ணையின் வாரிசான கத்ரீனாவை மணந்தான். இனி எல்ஸ்ட்ரூப் எனப்படுவான்."

எங்கள் பக்கத்தில் இது ஊரறிந்த விஷயம். இங்கே பெயர் ஆளுக்குச் சொந்தமில்லை, பண்ணைக்குச் சொந்தம். பண்ணைக்காரியைக் கட்டி உள்ளே போகிறவன் தன் பெயரை வாசலிலேயே விட்டுவிட்டுப் போவான். முப்பத்தோரு வருஷம் பால் எடுத்த வீடுகளில் பாதி அப்படிப்பட்டவை என்று அலோய்ஸுக்கே தெரியும். தன் வீடு மட்டும் விதிவிலக்கு என்று எப்படித்தான் நம்பினாரோ.

"இன்னொரு தடவ படி."

படித்தேன்.

"சரி, கத்ரீனா ரத்தமாவது ஓடுதுல்ல? கீழ பாரு."

கீழே பாதிரியார் பின்னாளில் எழுதிச் சேர்த்த குறிப்பைப் பார்த்தேன். மூன்றாம் வருஷம் கத்ரீனாவும் அவள் ஒரே குழந்தையும் ஒரே வாரத்தில் அடக்கமானார்கள். க்ராம்பே பக்கத்து ஊரிலிருந்து இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். பிள்ளைகள் எல்லாம் அவளுக்குப் பிறந்தவர்கள்.

"க்ராம்பேயோட மூத்த பையன் எனக்குப் பாட்டனுக்குப் பாட்டனுக்கு அப்பன்" என்றார் அலோய்ஸ். "ஹாம்பர்க்கு, மிசூரி எல்லாம் அவன் வழிதான்." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தலை அவ்வளவு சின்னது என்று அன்றுதான் பார்த்தேன். "பொண்டாட்டி பேர எடுத்துக்கிட்ட ஒருத்தனுக்குத்தான் நாங்க ஐம்பத்தெட்டு பேரும் பொறந்திருக்கோம், இல்ல?"

ஆமாம் என்றேன். ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மே மாதக் கூட்டம் இல்லை என்று கடிதம் போட்டார். ஏன் என்று கேட்டு மூன்று பேர்தான் திருப்பி எழுதினார்கள். சுருள் சமையலறை அலமாரிக்கு மேலே கிடக்கிறது. சனிக்கிழமைகளில் ரொட்டிக்கடைக்கு வருகிறார், காப்பி குடிக்கிறார். பத்திரிகையைப் பிரிப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டுக்கு வந்து நின்றார். கண் அறுவை ஆனதிலிருந்து அவர் வண்டி ஓட்டக்கூடாது. "ம்யூன்ஸ்டருக்குக் கொண்டுபோய் விடுவியா? லுட்கர் வீட்டுக்கு."

வழியில் கேட்டேன், "என்ன சொல்லப் போறீங்க?"

"க்ராம்பே கதையச் சொல்றேன். தான் பண்ணது தப்பில்லன்னு லுட்கர் தெரிஞ்சிக்கட்டும்."

"அதத் தெரிஞ்சிக்கவா அவன் ஆறு வருஷமா காத்துக்கிட்டிருக்கான்?"

வெளியே உழுத வயல்கள் தண்ணீர் கோத்துக் கிடந்தன. மூன்று ஊர் தாண்டியபிறகு, "இல்லதான்" என்றார்.

அடுக்குமாடிக் கட்டடம். வாசலில் பன்னிரண்டு பெயர்கள், அவற்றில் மாயர் மட்டும் இரண்டு. வாழ்நாளெல்லாம் வாசல் பெயர்களைப் படித்தவர், எந்த மாயர் தன் மகன் என்று தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது மாடி என்று கார்க் கண்ணாடியை இறக்கி விரலைக் காட்டினேன். அழுத்தினார்.

"யாரு?" ஒலிபெருக்கித் துளைகளிலிருந்து லுட்கரின் குரல் கரகரத்து வந்தது.

"நான்தான்."

"நான்தான்னா யாரு?"

அந்தக் குரலை அவனுக்கு அடையாளம் தெரியாமல் இருக்காது. அலோய்ஸ் குனிந்து துளைகளுக்கு அருகில் வாயைக் கொண்டுபோனார்.

"ஆக்னஸோட வீட்டுக்காரன்" என்றார்.

மேலே இணைப்பைத் துண்டித்த சத்தம் கேட்கவில்லை. அந்த மாதிரிக் கதவுகளை மேலேயிருப்பவர் பொத்தானை அழுத்தித்தான் திறக்கவேண்டும். அது இரண்டு நொடி ர்ர்ர் என்று இரையும், அதற்குள் கீழே நிற்பவர் தள்ளிவிட வேண்டும். தவறினால் மறுபடி பூட்டிக்கொள்ளும். அலோய்ஸ் வலது உள்ளங்கையைக் கதவின்மேல் பதித்துக்கொண்டார். மழை பிடித்துக்கொண்டது. உள்ளே வந்து உட்காருங்கள் என்று இரண்டு தரம் ஹாரன் அடித்தேன். அவர் திரும்பவில்லை. கையையும் எடுக்கவில்லை.