நாடாவுக்குப் பின்னால் நின்ற வண்டி

அந்தச் சுவிட்சின் மேல் ஊசி குத்தி மாட்டியிருந்த பட்டுத்துணிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஜரிகைக் கரை போட்ட நீலத்துணி. தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி, நகராட்சி கட்டிய புதிய தீயணைப்பு நிலையத்தின் திறப்பு விழா. இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு தை மாதம். விருந்தினர் வந்து வாசலில் நாடாவை வெட்டி, துணியை விலக்கி, சுவிட்சைப் போடுவார். கூரையிலிருந்து நிலத்தடித் தொட்டியில் சேர்ந்த மழைத்தண்ணீர் தீயணைப்பு வண்டிக்குள் ஏறும். அப்படித்தான் ஏற்பாடு. மின் வேலை முழுக்க என்னுடையது.

கட்டடத்தை வரைந்த நகராட்சிப் பொறியாளர் மேடத்துக்கும் எனக்கும் ஆரம்பத்தில் ஒத்தே போகவில்லை. பகலில் விளக்கே வேண்டாம், மின்விசிறியும் பாதி போதும் என்று வரைகிறவரை எந்த மின் ஒப்பந்தக்காரனுக்குப் பிடிக்கும்? மேற்கு வெயில் விழாதபடி சுவரைத் திருப்பினார். காற்று குறுக்கே ஓட ஜன்னலுக்கு எதிரே ஜன்னல் வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக அவர் பிடிவாதம் பிடித்தது அந்தத் தொட்டிக்காகத்தான். அதுவரை வண்டிக்கான தண்ணீரை லாரியில் வாங்கித்தான் நிரப்பினார்கள். கோடையில் தண்ணீர் லாரிக்காகத் தீயணைப்புக்காரர்கள் காத்துக் கிடந்த கூத்தெல்லாம் உண்டு. ஆனால் நகராட்சிக் கூட்டத்தில் அவருடைய தொட்டிக்குக் கொசுப்பண்ணை என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். விழா நன்றாக நடந்தால் பக்கத்து ஊர்களிலும் இதே மாதிரி கட்ட அனுமதி கிடைக்கும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கைதான் அவரை ஓரிடத்தில் வளைய வைத்தது.

வண்டியின் வால்வில் லேசான கசிவு. புதுத்தரை ஈரமாகி விருந்தினர் வழுக்கி விழுந்தால் அசிங்கம், வண்டித் தண்ணீரை இறக்கிவிடுங்கள் என்றார் விழாக் குழுக்காரர் ஒருவர். நிலைய அலுவலர் முகம் சுளித்தார். எப்படியும் விழாவில் நிரப்பத்தானே போகிறோம் என்று மேடமே தலையாட்டிவிட்டார். காலையிலேயே வண்டியைக் காலி செய்து, துடைத்து, சந்தனம் பூசி, மாலை போட்டு நாடாவுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அந்த நிலையத்துக்கு இருந்த ஒரே வண்டி அது.

விருந்தினர் இன்னும் பல்லாவரம் தாண்டவில்லை என்று சேதி வந்தபோது தொலைபேசி அடித்தது. ஊரப்பாக்கத்தில் குடிசைகள் பற்றிக்கொண்டிருந்தன. பந்தலில் நாதஸ்வரம் நின்றது. ஆட்கள் ஓடி வந்து வண்டியில் ஏறிக்கொண்டார்கள். ஓட்டுநர் மட்டும் இறங்கி மேடத்திடம் வந்தார்.

"காலி வண்டிய எடுத்துகினு போய் இன்னா மேடம் பண்றது?"

அவர் கத்தவில்லை.

விழாக் குழுக்காரர் சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றார். ஐயா இதோ வந்துவிடுவார், அதற்குள் தாம்பரத்திலிருந்து வேறு வண்டியைக் கூப்பிடலாம் என்றார். ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் தாம்பரத்து வண்டி எப்போது வந்து சேரும்? எனக்கு ரத்தம் கொதித்தது. மேடம் அவரை ஒரு கையால் விலக்கிவிட்டு, துணியைப் பிடுங்கி எறிந்தார்.

"பாய், மோட்டாரைப் போடுங்க. யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

போட்டேன். மோட்டார் உறுமியது, குழாயில் காற்றுதான் வந்தது. சருகு அடைத்துக்கொண்டதா, இணைப்பில் நான் எதையாவது கோட்டைவிட்டேனா, ஒன்றும் புரியவில்லை. யா அல்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன். மேடத்தின் முகம் வெளிறிப்போயிருந்தது. பிறகு குழாய் ஒரு குலுக்கு குலுக்கி, முதலில் கலங்கலாகவும் அப்புறம் தெளிவாகவும் தண்ணீர் கொட்டியது. பாதி போதும் என்று ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். நாடாவை அறுத்துக்கொண்டு, மாலையோடு வண்டி சாலையில் இறங்கியது. மேடம் தன் ஸ்கூட்டியில் பின்னாலேயே போய்விட்டார்.

விருந்தினர் வந்தார். புது நாடா கட்டினோம், வெட்டினார். சுவிட்சைப் போட்டார். நிரப்ப வண்டி இல்லாததால் தண்ணீர் செடிகளுக்குப் பாய்ந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். மேடம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பின்னால் அவருக்கு விளக்கம் கேட்டு ஆணை வந்தது, மாற்றலும் வந்தது. பக்கத்து ஊர்களில் அந்த மாதிரிக் கட்டடம் எழவே இல்லை. இன்று அந்த நிலையத்தில் ஏசி மாட்டி ஜன்னல்களை அடைத்துவிட்டார்கள். அதற்கு லைன் இழுத்தவனும் நான்தான், வயிற்றெரிச்சலோடுதான் இழுத்தேன். தொட்டியை மட்டும் யாரும் தொடவில்லை.

அன்று விழா முடிந்ததும் மேடத்தைத் தேடி ஊரப்பாக்கம் போனேன். குடிசைகள் இருந்த இடத்தில் கரிச்சேறு. அதன் நடுவே செருப்பில்லாமல் நின்றிருந்தார். சாமான் பொறுக்கப் போன ஒரு பெண் கொடுத்துவிட்டுப் போன கைக்குழந்தை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, விழா நல்லபடியாக நடந்தது மேடம் என்றேன். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"எல்லாரும் இருக்காங்க பாய்," என்றார். "ஒவ்வொரு குடும்பமா போய்க் கேட்டுட்டேன். ஒரு உயிரும் போகல."

அதைச் சொன்ன பிறகுதான், தோளில் இருந்த குழந்தை விழித்துவிடாதபடி, அழுதார்.