பிரச்சினை இல்லை, அண்ணை

இன்று மத்தியானம் நடு ஏரியில் காற்று அடங்கிவிட்டது.

பாய்போலக் காற்றை வாங்கிப் பலகையை இழுக்க, காற்றடைத்துக் கையில் பிடித்திருந்த என் சிவப்புச் சிறகு தொய்ந்து தண்ணீரில் கிடந்தது. சற்றுமுன் நீருக்கு மேலே பறந்த பலகை அரைவாசி அமிழ்ந்துவிட்டது. நான் அதன்மேல் முழங்காலில் நின்றேன்.

கூட வந்த ரமணன் அண்ணைக்குக் கவலையில்லை. அவருடைய பலகைக்கு அடியில் பேட்டரி மோட்டர் இருக்கிறது. காற்று இல்லாவிட்டாலும் ஓடும். என்னைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தார்.

“தம்பி, பிரச்சினை இல்லைத்தானே? எனக்கு பேட்டரி குறையுது.”

“இல்லை அண்ணை, நீங்கள் போங்கோ.”

வாய் அப்படிப் பழகிவிட்டது. சாப்பிடச் சொன்னாலும் முதலில் வேண்டாம் என்றுதானே சொல்வோம்? இரண்டாம் தரம் கேட்பார்கள் என்று நம்பித்தான் சொல்வோம்.

அவர் இரண்டாம் தரம் கேட்கவில்லை. போய்விட்டார்.

சிறகில் அடைத்த காற்றைத் திறந்துவிட்டுச் சுருட்டி, பலகையில் வைத்து, அதன்மேல் குப்புறப் படுத்துக் கையால் நீரைத் தள்ளினேன். அலை திரும்பத் திரும்ப என்னை உள்ளே இழுத்தது. விரல்கள் விறைத்தன. கரையில் ஒருவரும் என்னைத் தேடுவதாகத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஒருவழியாகக் கரையேறியபோது அண்ணை உடுப்பு மாற்றி, கோப்பியோடு காருக்குள் இருந்தார்.

“ஏன் தம்பி இவ்வளவு நேரம்? நீர்தானே போகச் சொன்னனீர்.”

“ஓம் அண்ணை” என்றேன். அப்போதும்!

இப்போது போர்வைக்குள் இருந்து பார்க்கிறேன். தன் பலகையின் முன்னால் தன்னை நோக்கிப் பூட்டிய கமராவில் தான் கரை திரும்பியதை எடுத்து, அண்ணை வீடியோவாகப் போட்டிருக்கிறார்.

அதற்கு இதயம் போட்டவர்கள் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். அவருக்குப் பின்னால் சிறிதாகிக்கொண்டே போகிற சிவப்புப் புள்ளி நான்தான்.