ஜெபசிங் கொடுத்த அசனம்

கோழிக்கடையில் கழுத்தை அறுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள் ஜெபசிங். சங்கரன்கோவிலில் பெயிண்டும் இரும்புச் சாமானும் விற்கிற கடை. கடைக்கு மேலேயே வீடு. ஞாயிறு தவறாமல் சர்ச், சபைக் கமிட்டியில் ஒரு நாற்காலி. அண்ணாச்சிக்குக் கோபப்படவே தெரியாது என்று கடைக்கு வருகிற தறிக்காரர்கள் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவர் கையால்தான் ஓர் உயிர் போனது.

போன கோடையில், சாப்பாட்டுக்குக் கடையை அடைத்திருந்த மத்தியான நேரம், செல்வக்குமார் என்றொரு வாலிபன் கத்தியோடு மாடியேறி வந்து அவர் மனைவி ஹெலனின் தாலிச் சங்கிலியில் கை வைத்தான். அவள் அலறியதும் ஜெபசிங் மூலையில் கிடந்த இரும்புக் குழாயை எடுத்து அடித்தார். அவன் விழுந்தான். கத்தி கட்டிலுக்கடியில் போய்விட்டது. "அண்ணாச்சி, விட்ருங்க, போயிருதேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டான். ஜெபசிங் இன்னொரு தடவை அடித்தார்.

ஏன் அடித்தார்? அதைத்தான் அவரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இரண்டு அடியும் அவன் கத்தியோடு பாய்ந்தபோது விழுந்தவை என்று போலீஸிடம் சொன்னார். ஹெலனும் அப்படியே சொன்னாள். தற்காப்பு என்று வழக்கு முடிந்தது.

ஒருநாள் போதகரிடம் வாய் திறந்தார்.

"ஒரு கிறிஸ்தவன் உயிர எடுக்கலாமாய்யா?"

"வேதத்துல கர்த்தருக்காக யுத்தம் பண்ணுன ராஜாக்கள் இல்லியா? பெஞ்சாதியக் காப்பாத்துனீங்க. கர்த்தர்தான் உங்க கையில பலம் தந்தாரு" என்று போதகர் தோளைத் தட்டினார்.

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! கும்பிட்ட கையைப் பற்றி ஜெபசிங் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. தன்னைக் கொன்றவர்களுக்காகவே சிலுவையில் மன்னிப்புக் கேட்ட ஆண்டவர் அந்த இரண்டாவது அடியின்போது யார் பக்கம் நின்றிருப்பார் என்று நினைத்தாலே ஜெபசிங்குக்கு ஜெபம் வராது. முழங்கால் போடுவார், சும்மா இருப்பார், எழுந்துவிடுவார்.

சபையார் விட்டார்களா? ஆண்டவர் காப்பாற்றியதற்கு ஓர் அசனம் கொடுங்கள் என்றார்கள். நன்றிக்காக ஊரைக் கூட்டிச் சோறு போடுவது அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்களின் வழக்கம். பந்தியில் உட்கார்ந்தவர் எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. ஹெலனும் பிடிவாதம் பிடித்தாள். சோறு போட்டால் மனசு ஆறிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

சர்ச் வளாகத்தில் பந்தி. ஜெபசிங்தான் சோறு பரிமாறினார். கடைசி இலையில் ஒரு பெண் சோற்றைத் தொடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் மண்ணில் புரண்டு அழுத முகம். குருவிகுளம் பக்கம் ஆடு மேய்க்கிற பொன்மணி, செத்தவனின் தாய்.

"சண்டைக்கு வரல அண்ணாச்சி. ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். எம் மவன் கடைசியா என்னமும் சொன்னானா?"

சொல்லிவிடத்தான் வாயெடுத்தார். எதிரே ஹெலன் சாம்பார் வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள். சொன்னால் அவருக்கு ஜெயில்; பொய் சொன்னதற்கு அவளுக்கும்தான்.

"ஒண்ணும் சொல்லல தாயி."

பொன்மணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"சின்னதுலயே பயந்தாங்கொள்ளி அவன். கெஞ்சிக் கெஞ்சிச் செத்தானோன்னுதான் ராவெல்லாம் தூங்காமக் கெடந்தேன். இது போதும் அண்ணாச்சி." சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். "இன்னுங் கொஞ்சம் வைங்க."

வைத்தார். மைக்கில் போதகர், அண்ணாச்சி குடும்பத்தைத் தப்புவித்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றார். பந்தி முழுக்க ஆமென் சொன்னது. மற்றவர்களைப் பார்த்துப் பொன்மணியும் சொன்னாள். ஜெபசிங்கால் மட்டும் சொல்ல முடியவில்லை.