முற்றத்துக்குக் கீழே ஒரு கூரை

கைஃபெங்குக்கு வடக்கே பத்து கிலோமீட்டரில் மஞ்சள் நதி ஓடுகிறது, யூன்ஷியாவின் வீட்டுக் கூரையைவிட உயரத்தில். ஊருக்கு அது பழகிப்போயிற்று, யாரும் அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை. முற்றத்தில் ஆழமாகத் தோண்டக்கூடாது, அவ்வளவுதான். நதி மூடிய பழைய ஊர்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கீழே கிடக்கின்றன.

யூன்ஷியா முரசுக் கோபுரத்தடியில் கடலை மிட்டாய் விற்பவள். கணவன் போகுய்க்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம். சந்தின் பொதுக் கழிப்பறை நூற்று நாற்பது தப்படி தூரம். அவனை முதுகில் சுமந்து போவாள். இன்னொரு குளிர்காலம் இப்படிச் சுமந்தால் முழங்கால் போய்விடும் என்றார் வைத்தியர். அதனால்தான் முற்றத்தில் கழிப்பறைக் குழி.

"இது போதும்க்கா," என்றான் குழி தோண்டிய தியேன், மார்பளவு ஆழத்தில்.

"மழைக்காலத்துல பொங்கி மேல வந்துரும். இன்னும் கொஞ்சம் தோண்டு."

ஒன்றரை ஆள் ஆழத்தில் மண்வெட்டி ணங்கென்றது. சாம்பல் ஓடுகள். வரிசை குலையாத கூரை.

தியேன் மேலே ஏறி வந்தான். "தொல்பொருள் ஆபீஸுக்குத் தெரிஞ்சா வேலையை நிறுத்திருவாங்க. நான் பாக்கல, நீ பாக்கல. சாப்ட்டு வந்து பாதி மூடிடுறேன். மேலாக்கவே தொட்டி வெச்சிரலாம்."

அவள் தலையாட்டினாள். பிற்பகல் வியாபாரத்துக்குப் போய்விட்டாள்.

போகுய் வாசலில் நாற்காலியில் இருந்தான். சதுரங்கம் ஆட வந்த நண்பனிடம், கோணிய வாயால் சிரித்துக்கொண்டே சொன்னான்: "என் வீட்டுக்கடியில இன்னொரு வீடு. இப்ப நான் ரெண்டு வீட்டுக்காரன்!"

அவள் திரும்பியபோது முற்றத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது.

"உங்க வாய் பாதிதானே வேலை செய்யுது? அதை வெச்சே இவ்வளவா?" என்றாள். அவன் தலைகுனிந்தான்.

தொல்பொருள் அலுவலகப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரிய விஷயம் அத்தை! நூத்தியெண்பது வருஷத்துக்கு முந்தின வெள்ளத்துல மூழ்கின வீடு."

"கக்கூஸ்?"

"இனிமே இங்க ஒண்ணும் தோண்ட முடியாது அத்தை."

"தோண்டாம மேலாக்கக் கட்டவாவது விடுவீங்களா?"

"மேல கேக்கணும்."

நான்கு முறை அலுவலகத்துக்குப் போனாள். நான்காம் முறை சிவப்பு அட்டையில் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ளாமல் எப்படி வருவது?

இலையுதிர் காலத்தில் கூரைக்கடியில் இறங்கினார்கள். அடுப்பு கிடைத்தது, கவிழ்ந்த பானை கிடைத்தது. ஒருநாள் அந்தப் பெண் குழிக்குள்ளிருந்து கத்தினாள். "அத்தை, வந்து பாருங்க!"

மூலையில் ஒரு சிறு அறை. இரண்டு கல், நடுவே பள்ளம்.

"அவங்களுக்கு வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு," என்றாள் யூன்ஷியா.

"ஆமா! அபூர்வம்!"

வீட்டுக்குள்ளிருந்து போகுய் சுவரைத் தட்டினான். இரண்டு தட்டு. இப்போதெல்லாம் அவன் வாய் திறந்து கேட்பதில்லை.

அவள் கயிற்றைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், கட்டிலருகே முதுகைக் காட்டிக் குனிந்தாள். முழங்கால் மடங்க மறுத்தது. கட்டில் காலைப் பிடித்தபடி நின்றாள்.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள்.

"பொறுக்க முடியல," என்றான் அவன்.