அத்தை காரின் பின்சக்கரங்கள்

என் பட்டறைக்குக் கார் கொண்டுவரும் பையன்கள் முதலில் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். "பாஸ் எங்க ஆன்ட்டி?" என்பார்கள். நான்தான் பாஸ் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆங் மோ கியோ வட்டாரத்தில், உயரம் குறைத்துத் தாழ்த்திய கார்களுக்கு ஸ்பிரிங்கும் துள்ளலை அடக்கும் அப்சார்பரும் மாற்றித் தரும் பட்டறைகள் எத்தனையோ உண்டு. அங்கெல்லாம் சுற்றி அலுத்துக் கடைசியில் என்னிடம் வந்தவர்களை வரிசையில் நிறுத்தினால் வரிசை மெயின் ரோட்டைத் தொடும். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஏறியது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் ஒரு காரின் பின்சீட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு மேட்டைத் தாண்டினால் போதும், எந்தச் சக்கரம் இறுக்கம், எது இளக்கம் என்று என் இடுப்பு சொல்லிவிடும். கம்ப்யூட்டர் அதையே கொஞ்சம் தாமதமாகச் சொல்லும்.

எங்கே படித்தீர்கள் என்று கேட்கிறார்கள். எங்கேயும் படிக்கவில்லை. சின்ன வயதில் என் கை ஒல்லியாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஃபேரர் பார்க்கில் அடுக்குமாடி வீடு. அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தார். முப்பது வயது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. ஜாலான் புசாரில் ஒரு சீனருடைய கார் உதிரிபாகக் கடையில் வேலை பார்த்தார். சம்பாதித்ததில் ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கி, அதைத் தரையோடு தரையாக இறக்கி வைத்திருந்தார்.

அந்தக் காலத்துப் பையன்கள் ஸ்பிரிங்கை ரம்பத்தால் அறுத்துக் காரை இறக்குவார்கள். கார் இறங்கும். பிறகு பந்து மாதிரித் துள்ளும். அத்தை அந்த வேலையே செய்யவில்லை. குட்டையும் தடிமனுமான ஸ்பிரிங்குகளைக் கடைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றையும் உருட்டிப் பார்த்துப் பொறுக்கினார். அதற்குத் தோதான அப்சார்பர்களையும் தேடிப் பிடித்தார். அப்சார்பரின் அடியில் ஒரு திருகு இருக்கும். வலப்பக்கம் திருப்பினால் இறுகும், இடப்பக்கம் திருப்பினால் இளகும். கார் அவ்வளவு தாழ்ந்து கிடந்ததால் ஜாக்கி வைத்துத் தூக்காமல் பெரியவர்கள் கை உள்ளே போகாது. என் கை போகும். திருகியதும் என்னைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு ஒரு சுற்று ஓட்டுவார்.

"எப்படிடீ இருக்கு?"

"முதுகு வலிக்குது அத்தை."

"அப்ப கொஞ்சம் இளக்கு."

அப்பாவுக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. "ரோட்டப் பெருக்கிக்கிட்டே போற கார்ல ஒரு பொம்பள! எவன் கட்டிக்குவான் லா?" என்பார்.

"அதுக்குத்தான் பெருக்குறேன் அண்ணே," என்பார் அத்தை.

எப்படியோ ஒரு மாப்பிள்ளை வந்தார். அரசாங்க வேலை, ஆங் மோ கியோவில் புதுவீடு, அம்மாவும் மகனும் மட்டும்தான். பெண்ணைப் பிடித்துவிட்டது. காரைத்தான் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அதை விற்றுவிட வேண்டும் என்றார்கள். விற்க மாட்டேன் என்றார் அத்தை. முன்பு வந்த மாப்பிள்ளைகளும் இந்தக் காரைச் சொல்லித்தான் விலகிப் போயிருந்தார்கள். அதனால் காரை விட்டால் வேறு சிக்கலே இல்லை என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம். நான் மட்டும் கார் போய்விடக் கூடாதே என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகனும் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். பாயசம் குடிக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா, "அப்படி என்னதான் வச்சிருக்கா அந்தக் கார்ல? எங்களக் கொண்டுபோய் வீட்டுல விடட்டும், நானும் ஏறித்தான் பாக்குறேனே," என்றார். அத்தை உடனே என்னை இழுத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கினார்.

"நாலையும் வலப்பக்கம் திருப்பு. முடியுற வரைக்கும்."

"பின்னாடியுமா? அந்தம்மா இடுப்பு போயிடும் அத்தை."

"போகட்டும்."

சொல்லிவிட்டுக் கைப்பையை எடுக்க மேலே போய்விட்டார். முன்சக்கரம் இரண்டையும் சொன்னபடியே இறுக்கினேன். பின்சக்கரத்தில் கையை விட்டதும் யோசித்தேன். பின்சீட்டு இறுகினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? அந்தம்மா அலறுவார், காரை விற்கச் சொல்லி ஒற்றைக்காலில் நிற்பார். அத்தைக்கு ஏனோ இது புரியவில்லை. இரண்டு திருகையும் இடப்பக்கம் முழுக்கத் திருப்பி இளக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா ஏறும்போதே ஆரம்பித்தார். "இதுல உக்காரணுமா, படுக்கணுமா?" பின்னால் நடுவில் அவர், இருபக்கமும் மகனும் நானும். முன்னால் அத்தையும் அப்பாவும்.

ஆங் மோ கியோ அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. பாதி ரோடு தோண்டிக் கிடந்தது, பள்ளங்களின் மேல் இரும்புத் தகடு. அத்தை ஒன்றைக்கூட விடவில்லை. ஒவ்வொன்றிலும் அப்பாவின் தலை கூரையில் முட்டியது. "மெதுவா போ லா! கழுத்து போச்சு!" அத்தையும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி துள்ளினார். பின்னால் நாங்கள் மூவரும் தொட்டிலில் போவது போலப் போனோம். தடித்த ஸ்பிரிங்கின் மேல் மூன்று பேர் கனம், அதோடு இளகிய அப்சார்பர். அதைவிட நல்ல செட்டிங்கை இன்றுவரை நானும் செய்ததில்லை, வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

"ரோடு நல்லாத்தானே இருக்கு தம்பி? ஏன் குதிக்கிறீங்க?" என்று அப்பாவைக் கேட்டார் அந்தம்மா. பிறகு கொட்டாவி விட்டார். பிறகு மகனின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். அத்தை கண்ணாடியில் அதைப் பார்த்தார். அடுத்த பள்ளத்தில் இன்னும் வேகமாக விட்டார். அப்பாதான் கத்தினார்.

அவர்கள் வீட்டுக்குக் கீழே நிறுத்தியதும் அந்தம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி, காரின் கூரையைத் தட்டிக்கொடுத்தார்.

"நான் பேசினது தப்புமா. என் மூட்டு வலிக்கு இதமா இருக்கு. இத விக்க வேணாம். காரோடயே எங்க வீட்டுக்கு வந்துடு."

அப்பா கழுத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். மகனும் சிரித்தார். நான் குதிக்காத குறை. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தம்மாவுக்கு நேராகத் திரும்பினார்.

"காரை வித்தாலும் வேணாம்மா, விக்காட்டியும் வேணாம். எனக்குக் கல்யாணமே வேணாம். உங்க மகன் மேல ஒரு குறையும் இல்ல."

"வாய மூடு!" என்றார் அப்பா.

"இத்தனை வருஷம் காரச் சொல்லியே மூடிக்கிட்டுத்தானே இருந்தேன் அண்ணே. இனிமே முடியாது."

மேல்மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அத்தை தலையைக் குனியவில்லை. மாப்பிள்ளையின் அம்மாதான் கடைசியில் பேசினார்.

"இத பாயசத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"அப்ப வாய் வரலம்மா. இப்பதான் வந்துச்சு."

அந்தம்மா அத்தையை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "பத்திரமா ஓட்டிக்கிட்டுப் போ," என்று மட்டும் சொல்லிவிட்டு, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் நடந்தார்.

திரும்பும்போது அப்பா பின்சீட்டில் ஏறிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் முன்னால். அத்தை பள்ளங்களை ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அத்தை, காரை விக்க வேணாம்னு சொல்லிட்டாங்களே."

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் வேணாம்னீங்க?"

"வேணாம்டீ. அவ்வளவுதான்."

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சீட்டில் முட்டி போட்டு நின்று, அத்தையின் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்தினேன். "கார் நமக்குத்தான் அத்தை! விக்க வேணாமாம்!" அத்தை சத்தம் போட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். பின்னால் அப்பா, "ரெண்டும் பைத்தியம்" என்றார். ஃபேரர் பார்க் வரும்வரை அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. நான் சொன்னது அப்போதும் அவருக்கு விளங்கவில்லை என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. கார்ச் சத்தத்திலேயே இருந்து இருந்து காது மந்தமாகியிருக்கும் என்று முடிவு செய்து, மறுநாள் காலையில் அத்தையை டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லி அம்மாவிடம் சொன்னேன்.