கியோங்ஜு மேட்டில் புளிசாதம்

அசரியா சாரோடு டூர் போனவர்கள் யாரும் பசியோடு திரும்பியதில்லை. தாம்பரத்தில் எங்கள் கல்லூரியில் அவர் வேதியியல், நான் தமிழ். வேடந்தாங்கலுக்குப் போனால் பறவையைப் பார்க்க மாட்டார், மாமல்லபுரம் போனால் சிற்பத்தைப் பார்க்க மாட்டார். புல்லும் காற்றும் உள்ள இடமாகப் பார்த்து முதலில் பெட்ஷீட்டை விரித்துவிடுவார். பெட்ஷீட் விரிந்தால் பொட்டலம் பிரியும். உள்ளே எப்போதும் புளிசாதம்தான். அவர் மனைவி சாராள் காய்ச்சித் தரும் புளிக்காய்ச்சலுக்கு எல்லாத் துறைகளிலும் ரசிகர்கள் உண்டு. எனக்கு மட்டும் புளி என்றாலே நெஞ்சு எரியும்.

அவர் மேல் எனக்கு வேறு ஓர் எரிச்சலும் இருந்தது. அவர் சர்ச் கமிட்டிக்காரர். படைத்த பண்டத்தைத் தொட மாட்டார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நான் சுண்டலை நீட்டுவேன். "படைச்சதா மேடம்? தப்பா எடுத்துக்காதீங்க" என்று கைகூப்பி விலகிவிடுவார். இவ்வளவு பணிவாக மறுக்கிற மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது? வருஷா வருஷம் மனசுக்குள்ளேயே திட்டிக்கொள்வேன்.

இரண்டாயிரத்து ஏழில், கொரியாவில் ஒரு பல்கலைக்கழகம் எங்கள் மாணவர்களை இரண்டு வாரத்துக்கு அழைத்தது. கூடப் போக அவரையும் என்னையும் போட்டார்கள். "ஒரே ஒரு கம்ப்ளெயின்ட் வந்தாலும் அடுத்த வருஷம் இந்த ப்ரோக்ராமே கிடையாது" என்று பிரின்சிபால் சொல்லி அனுப்பினார்.

அசரியா சார் அன்றிலிருந்தே பயந்துகிடந்தார். காரணம் வெண்ணிலா. கோவளத்தில் மீன் விற்கும் குப்பம்மாவின் மகள். பட்டியலில் முதலில் இருந்தவள், பாஸ்போர்ட் நேரத்துக்கு வராமல் விட்டுப்போனாள். "அடுத்த வருஷம் நீ போற, அதுக்கு நான் பொறுப்பு" என்று சார் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். எங்களை வழியனுப்ப ஏர்போர்ட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே கையாட்டினாள் அந்தப் பெண். விமானம் கிளம்பிய பிறகும் சார் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

முதல் வார இறுதியில் எங்களைக் கியோங்ஜுவுக்குக் கூட்டிப்போனார்கள். பழைய ராஜ்யம் ஒன்றின் தலைநகரம் அது. வழிகாட்டி மின்ஜி என்ற அந்த ஊர் மாணவி. சார் விடியற்காலையிலேயே விடுதியின் ரைஸ் குக்கரில் சோறு வடித்து, சாராளின் புளிக்காய்ச்சலைப் போட்டுக் கிளறி, ஆளுக்கொரு பொட்டலமாகக் கட்டிவிட்டார். மின்ஜி மியூசியம் டிக்கெட் வாங்கப் போனாள். நாங்கள் நின்ற இடத்தில், ஊருக்கு நடுவே, கவிழ்த்த சட்டிகள் மாதிரி பெரிய பெரிய பச்சை மேடுகள். வேலி இல்லை. ஒரு பலகை இருந்தது, கொரிய மொழியில்.

சாரின் முகம் மலர்ந்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் பின்னாலேயே ஏற, மேட்டு உச்சியில் பெட்ஷீட் விரிந்தது.

"மேடம், மேல வாங்க! காத்து சூப்பரா வருது!"

எனக்கு மூட்டுவலி. பொட்டலத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கீழேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் விசில் கேட்டது. தொப்பி வைத்த வயசான காவலாளி ஒருவர் ஓடிவந்து மேட்டில் ஏறினார். பின்னால் மின்ஜி, முகமெல்லாம் வெளுத்து. "இறங்குங்கள்! அது ராஜாவின் சமாதி!" என்று ஆங்கிலத்தில் கத்தினாள்.

"ஐயையோ! சமாதி மேலயா சார் குந்திகினு கீறோம்?" என்று எழுந்தான் எங்கள் மாணவன் பரணி. வாயில் சோறு.

எந்தப் பல்கலைக்கழகத்தின் விருந்தாளிகள் என்று காவலாளி கேட்டார். அங்கே புகார் சொல்லியாக வேண்டுமாம். அசரியா சார் என்னைப் பார்த்தார். வெண்ணிலா ஏர்போர்ட்டில் கையாட்டியது எனக்கும் ஞாபகம் வந்தது.

காவலாளியின் கண் பெட்ஷீட்டில் பரப்பியிருந்த சோற்றின் மேல் நின்றது. குரலைத் தணித்து ஏதோ கேட்டார். மின்ஜி உரக்க மொழிபெயர்த்தாள்: "நாங்களும் முன்னோர் கல்லறைக்குச் சோறு கொண்டுபோய்ப் படைப்போம். இது ராஜாவுக்காகக் கொண்டுவந்ததா என்று கேட்கிறார்."

எல்லாரும் சாரைப் பார்த்தோம். சுண்டலைத் தொடாத மனிதர்.

"யெஸ்," என்றார். "ஃபார் தி கிங்."

பரணி அதோடு விடவில்லை. "சார் வார்த்த பொய்யாவக் கூடாது, அவ்ளோதான்" என்று, எல்லாப் பொட்டலத்திலிருந்தும், சாருடையதிலிருந்தும், ஒவ்வொரு பிடி எடுத்து ஒரு ஃபாயிலில் வைத்தான். தண்ணீரைச் சுற்றி விட்டான். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். மற்ற பிள்ளைகளும் விழுந்தார்கள். காவலாளி தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கினார். பிறகு, கீழே போய்ச் சாப்பிடலாமே என்று மரியாதையாகச் சொன்னார். அவருக்கும் ஒரு கை கொடுத்தோம். காரத்தில் இருமிவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார். புகார் பேச்சையே காணோம்.

கீழே பிள்ளைகள் வழித்துத் தின்றார்கள். சார் மட்டும் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிடலையா சார்?"

"படைச்சாச்சே மேடம்."

"படைச்சதுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"அதான் கஷ்டம். நான் சாப்பிட்டா, படைக்கலன்னு ஆயிடும். அவர்கிட்ட சொன்னது பொய்யாயிடும்ல?"

பொட்டலத்தைப் பரணியிடம் கொடுத்துவிட்டார். மியூசியம், அப்புறம் மலைமேல் புத்தர் கோயில். வழியில் தள்ளுவண்டியில் ஆவி பறக்க ஏதோ விற்றார்கள். ஆவலாகப் போனவர், பட்டுப்புழு என்று மின்ஜி சொன்னதும் திரும்பி வந்துவிட்டார். ஒருத்தரையும் பட்டினி போடாதவர் வெறும் வயிற்றோடு படியேறுவதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. இத்தனை வருஷம் என் சுண்டலை அவமதித்ததாக நினைத்தேனே. ராஜாவுக்கும் இதே சட்டம்தானா?

திரும்பும் பஸ்ஸில் மூட்டுவலித் தைலம் தேடிக் கைப்பைக்குள் கைவிட்டேன். பொட்டலம் தட்டுப்பட்டது.

"இந்தாங்க சார். இது மேட்டு மேல ஏறவே இல்ல. ராஜா கண்ணுலயே படல."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டு வாயில் ஒரு பிடி வைத்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. "காரம் மேடம்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் வெண்ணிலா போனாள். மேட்டிலிருந்து ரொம்பத் தள்ளி, புல்லை மிதிக்காமல் நின்று எடுத்த போட்டோவைக் கொண்டுவந்து சாரிடம் காட்டினாள்.

இப்போதெல்லாம் ஆயுத பூஜையன்று விளக்கேற்றும் முன்பே ஒரு கிண்ணம் சுண்டலைத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறேன். சார் வாங்கும்போது இன்னும் கேட்கத்தான் செய்கிறார்.

"படைக்காததுதானே மேடம்?"

"ராஜாவே பார்க்கல சார். சாப்பிடுங்க."