ரோட்டோர மூலையில் ஆறு தக்காளிச் செடிகள்

தக்காளி விதை வாங்கப் போனால் எனக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும். நாவுலையில் விவசாயச் சாமான் விற்கிற கடைக்காரருக்கு என்னைக் கண்டாலே சிரிப்பு வந்துவிடும். "வீட்டுத் தோட்டத்துக்குத்தானே மிஸ்? பத்துச் செடிக்கு இவ்வளவு யோசிக்கிறீங்களே!" என்பார். விதைப் பாக்கெட்டுகளை மேசையில் பரப்பி, இது உருண்டை, இது நீட்டு, இது வாடல் நோயைத் தாங்கும், இது மழைக்கு வெடிக்காது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பார். நானும் இந்தப் போகத்துக்கு எது சரிவரும் என்று பெரிய கமக்காரி மாதிரி திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். கடைசியில் ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு வருவேன். அவர் என்னைக் கவனமான பெண்பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம். கவனமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எனக்கு வெட்கம். தக்காளி விதையைக் கையில் எடுத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் வீடும் மாமி வீடும் ஒட்டினாற்போல இருந்தன. மாமி என்றால் வாப்பாவின் ராத்தா, அவருக்கு மூத்த அக்கா. அவருக்கும் மாமாவுக்கும் பிள்ளைகள் இல்லை. வீடுகளுக்கு முன்னால், மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகிற பஸ் ரோட்டின் அந்தப் பக்கத்தில், இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக ஒரு துண்டு நிலம் கிடந்தது. ஒவ்வொரு போகமும் அதில் எந்தத் தக்காளி போடுவது என்று வாப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒரு சண்டை நடக்கும். வாப்பா தம்புள்ளையில் மரக்கறி எடுத்து மாத்தளையில் விற்கிறவர். லொறியில் அடிபடாமல் வந்து சேருகிற தக்காளிதான் அவருக்குத் தக்காளி. மாமா டெய்லர். அவர் வளர்த்தது கொறக்காத் தக்காளி. மீன் கறிக்குப் போடுகிற கொறக்காவைப் போலவே மடிப்பு மடிப்பாக, கோணல்மாணலாக இருக்கும். தோல் மெல்லிசு. ஆனால் அந்தப் புளிப்பு! ஒரு பழத்தைப் பிழிந்துவிட்டால் ஒரு சட்டிக் கறிக்குப் போதும். போகம் முடியும்போது மாமா நல்ல பழமாக ஒன்றைப் பார்த்து வைத்து, விதையைப் பத்திரிகைத் தாளில் தடவிக் காயவைத்து, மடித்து ஒரு பிஸ்கட் டின்னில் போடுவார். அந்த விதை எந்தக் கடையிலும் இல்லை. அந்த டின்னில்தான் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் தையல் மெஷினுக்கு முன்னால் இருந்தபடியே மாமா மௌத்தாகிவிட்டார். மாமி இத்தா இருந்தார். புருஷன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருக்கிற அதுதான். வெள்ளை உடுப்பு, அந்நிய ஆண்கள் பார்க்கக்கூடாது, ரோட்டுப் பக்கத்து ஜன்னல்கள் சாத்தியே இருக்கும். முதல் இரண்டு கிழமை வீடு நிறைய ஆட்கள். பிறகு எல்லோருக்கும் அவரவர் பாடு. பள்ளிக்கூடம் விட்டு வந்து பின்கதவால் நுழைகிற நான்தான் மிச்சம்.

போகம் தொடங்கும் நேரம் வாப்பா மாமியைப் பார்க்க வந்தார். நான் பாயில் இருந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"இந்த முறை முழுசா உருண்டையே போடுவம் ராத்தா. மச்சான்ட தக்காளி கையில எடுத்தாலே தோல் கிழியுது. லொறியில ஏத்தினா வந்து சேர்றது வெறும் சாறு."

"நான் லொறியில ஏத்தவா கேக்குறேன் தம்பி?" என்றார் மாமி. "ஒரு மூலை தாங்க. கறிக்கு."

வாப்பா தலையைச் சொறிந்தார். "மூலைய எடுங்க. அந்த ரோட்டோரத்தையே எடுங்க. ஆனா யார் பார்க்கிறது? எனக்கு வெள்ளிக்கிழமை மட்டுந்தான் வீடு."

மாமி என்னைப் பார்த்தார். "என்ட மகள் பார்ப்பா."

எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் யாரும் என்னை நம்பி ஒரு முட்டையைக்கூடக் கடையிலிருந்து எடுத்துவரச் சொல்லமாட்டார்கள். மாமி டின்னைத் திறந்து, மடித்த தாளை என் இரண்டு கைக்குள்ளும் வைத்தார்.

"இவ்வளவுதான் மகள் இருக்கு. சட்டியில மண் போட்டுத் தூவுங்க. காலையில மட்டும் தண்ணி. அந்திக்கு ஊத்தப்படாது. ரெண்டு செடி சரி வந்தாப் போதும், நான் வெளிய வந்தப் பொறகு விதை எடுத்துக்குவேன்."

அன்றைக்கே போட்டேன். விதைகளை நகத்தால் சுரண்டி எடுத்தேன். சில கழலாமல் தாளிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. போனால் போகட்டும் என்று தாளை ஓடமாக மடித்து வாசலில் தண்ணீர் ஓடுகிற கானில் விட்டேன். மழைத் தண்ணீரில் அது நன்றாகவே ஓடியது.

ஒரு கிழமையில் முளைத்துவிட்டது. நான் ஓடிப்போய்ச் சொன்னதும் மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அதற்கடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக்கு ஓட்டப் பயிற்சி தொடங்கியது. அஞ்சலோட்டத்தில் கடைசி ஆள் நான். விடியப் போனால் மத்தியானத்துக்குப் பிறகுதான் வீடு. முதல் நாள் தண்ணீர் ஊற்ற மறந்தேன். இரண்டாம் நாள் நினைவு வந்தது, கால் வலித்தது, நாளைக்குப் பார்ப்போம் என்று படுத்துவிட்டேன். நாலாம் நாள் போய்ப் பார்த்தால் எல்லாம் தொங்கிப்போயிருக்கின்றன. பயத்தில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தேன், அதுவும் அந்தி நேரத்தில். மறுநாள் ஒவ்வொரு நாற்றும் அடித்தண்டு கறுத்து அழுகிச் சாய்ந்துகிடந்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். மாமி என்னை அடிக்கிற ஆள் இல்லை, ஏசுகிற ஆளும் இல்லை. அதனால்தான் சொல்ல முடியவில்லை என்று பிற்காலத்தில் எனக்கு நானே அழகாகச் சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் சும்மா. "என்ட மகள் பார்ப்பா" என்ற அந்தப் பெயரை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுப் பின்புறம் வாப்பா போட்ட உருண்டைத் தக்காளி நாற்று பச்சைப்பசேலென்று நின்றது. அதில் ஆறு பிடுங்கினேன். நூற்றுக்கணக்கில் நிற்கும்போது ஆறு குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ரோட்டோர மூலையில் நட்டேன். பார்த்தால் தக்காளிச் செடி தக்காளிச் செடிதானே. அல்லாஹ் மன்னிக்கட்டும், நட்டு முடித்தபோது எனக்குக் கெட்டிக்காரத்தனம் செய்த மாதிரிதான் இருந்தது.

பிறகு தொடங்கியது பொய். மாமி ஒவ்வொரு நாளும் கேட்பார். எத்தனை செடி? எவ்வளவு உயரம்? பூச்சி இருக்கா? நானும் வாய் கூசாமல் சொல்லுவேன். சொல்லச் சொல்ல எனக்கே ருசி பிடித்துவிட்டது. ஒரு செடிக்கு மற்றதைவிடக் கோபம் அதிகம், ஒன்று சோம்பேறி, ஒன்று பஸ் போனால் பயந்து ஆடுகிறது என்றெல்லாம் அளந்தேன். மாமி சிரிப்பார். அந்த நாட்களில் மாமி சிரித்தது இதற்கு மட்டும்தான் என்று உம்மா பிறகு சொன்னார். எனக்கு ஒவ்வொரு நாளும் ஒரு இஞ்சி பிஸ்கட் கிடைத்தது. அதையும் வெட்கமில்லாமல் தின்றேன்.

பூ வருகிற நேரம் ஒருநாள், "ஒரு இலை கொண்டு வாங்களேன் மகள், மணந்து பார்க்கணும்போல இரிக்கு" என்றார். ஓடிப்போய்க் கையில் அகப்பட்ட முதல் செடியில் ஒரு இலையைக் கிள்ளிவந்து கொடுத்தேன். மாமி அதைச் சிம்னி விளக்கு மேசையில் வைத்து விரலால் நீவிவிட்டார். ஓரத்தைத் தடவினார். மூக்கில் வைத்தார்.

"அந்தப் பேப்பர் இரிக்கா மகள்? நான் விதை தந்த பேப்பர்?"

"இல்ல மாமி. கான்ல ஓடம் விட்டேன்."

"ஆ," என்றார். பிறகு, "ஓடம் ஓடிச்சா?" என்று கேட்டார்.

"நல்லா ஓடிச்சு மாமி."

"ம். தண்ணி ஊத்துங்க. மறந்துடாதீங்க."

சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். தலைவலியாக்கும் என்று நான் பிஸ்கட்டை நானே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த நாள் போனால் பழையபடி, எவ்வளவு உயரம், அந்தச் சோம்பேறி எப்படி இருக்கிறான் என்று கேள்விகள். நான் பழையபடி அளந்தேன்.

இத்தா முடிந்த நாள் வெள்ளிக்கிழமை. மாமி குளித்து, வெள்ளையை மாற்றி, நாலு மாதத்துக்குப் பிறகு வாசற்படி இறங்கினார். வெயில் கண்ணில் பட்டதும் கையால் மறைத்துக்கொண்டார். உறவுக்காரர்களைப் பார்க்கப் போவோம் என்று உம்மா சொன்னதற்கு, "முதல்ல தோட்டத்துக்குப் போய்ட்டு" என்றார். நான் உம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். காய்கள் உருண்டு திரளத் தொடங்கியதிலிருந்து, இத்தா இன்னும் ஒரு மாதம் நீளாதா என்று ஒரு விதவையின் இத்தாவுக்கு நான் துஆக் கேட்ட ஆள். எழுதவே கை கூசுகிறது.

ரோட்டைக் கடந்து போனோம். ஆறு செடியிலும் பழம் சிவந்து தொங்கியது, ஒவ்வொன்றும் பந்து மாதிரி உருண்டை. மாமி குனிந்து முதல் செடியின் கொப்பைத் தூக்கிப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். சேலை மண்ணில் புரண்டது, அதைக் கவனிக்கவில்லை. ஆறாவது செடிக்கு வந்ததும் அதன் அடிக்கொப்பு வரைக்கும் விலக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

அதற்குள், அந்தப் போகம் முழுக்க அந்த மூலைப் பக்கம் எட்டியும் பார்க்காத வாப்பாவும் வந்துவிட்டார். பார்த்த உடனே பிடித்துவிட்டார். "இது என்ட தக்காளிதானே! ராத்தா, எங்க உங்கட கொறக்கா?" திரும்பி என்னைப் பார்த்தார். "நீங்க என்னத்த நட்டீங்க மகள்?"

நான் குனிந்து காலடியில் நின்ற ஒரு களையைப் பிடுங்கினேன்.

"நாந்தான் சொல்லி மாத்தினேன்," என்றார் மாமி. "யோசிச்சுப் பார்த்தேன். நீங்க சொன்னதுதான் சரி தம்பி. அந்தத் தக்காளி ஒண்டுக்கும் உதவாது."

வாப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "பார்த்தீங்களா, கடைசியில என்ட ராத்தாவும் ஒத்துக்கொண்டா!" என்று ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கச் சிரித்தார். அந்தக் கதையை வருஷக்கணக்காகப் பெருநாளுக்குப் பெருநாள் சொன்னார். சொல்லும்போதெல்லாம் மாமி தலையாட்டுவார். அன்றைக்கு மாமியே அந்தத் தக்காளியில் மீன் ஆக்கினார். புளிப்புப் போதவில்லை என்று வாப்பா கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தார். நான் இரண்டு தரம் சோறு வாங்கினேன். தப்பிவிட்டேன் என்று சந்தோஷம். மாமிக்குத் தக்காளியில் வித்தியாசம் தெரியவில்லை, கேள்வி வந்ததும் சமாளிக்க ஏதோ சொல்லிவிட்டார், நல்ல காலம் என்று நினைத்தேன். பத்து வயதில் நான் அப்படி ஒரு மூளைசாலி.

கல்யாணமாகி எனக்கென்று ஒரு தோட்டம் வந்தபிறகு, ரிவர்ஸ்டன் பக்கத்து ஆள் ஒருவரிடம் கொறக்கா இனம் என்று கொஞ்சம் விதை வாங்கி நட்டேன். மாமாவுடையதன் புளிப்பு அதில் இல்லை. ஆனால் இலையைப் பார்த்ததும் சட்டியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். உருளைக்கிழங்கு இலை மாதிரி அகலம், ஓரத்தில் வெட்டே இல்லை. உருண்டைத் தக்காளியின் இலையோ ஓரமெல்லாம் பல்லுப் பல்லாக இருக்கும். கண் தெரியாதவர்கூட விரலால் தடவிச் சொல்லிவிடலாம். இருபது வருஷம் அந்தச் செடியோடு இருந்த ஒருவருக்கு மணந்து பார்க்கவே தேவையில்லை.

அப்படியென்றால் பூ வருகிற காலத்திலேயே மாமிக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் சோம்பேறிச் செடியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். கேட்காமல் விட்டிருந்தால் நான் பயந்து பின்கதவுப் பக்கமே போயிருக்க மாட்டேன். அந்த வீட்டுக்கு நாளாந்தம் வந்த ஒரே ஆள் நான்தான். மாமி இப்போதும் இருக்கிறார். போன மாதமும் போய்ப் பார்த்தேன், என்ன போட்டிருக்கீங்க மகள் இந்தப் போகம் என்று கேட்டார், தக்காளி மாமி என்றேன். இவ்வளவு வயதாகியும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

தெரிந்திருந்தும் அன்றைக்குத் தோட்டத்தில் ஏன் அப்படிச் செடி செடியாகக் குனிந்து பார்த்தார் என்பதுதான் எனக்கு விளங்க இன்னும் நாள் பிடித்தது. நான் கொண்டுபோய்க் கொடுத்தது ஒரே ஒரு செடியின் இலை. மற்ற ஐந்தில் ஒன்றாவது மாமாவுடையதாக இருக்கும் என்று இரண்டு மாதம் அந்த அறைக்குள் இருந்து நம்பியிருக்கிறார். பக்கத்தில் நின்ற நான், மாமி பழம் எண்ணுகிறார் என்று நினைத்தேன்.